பியானோ சவுண்ட்போர்டு: சத்தத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள்

பியானோவின் சவுண்ட்போர்டை, அதாவது கம்பிகளுக்குக் கீழேயோ பின்னாலோ இருக்கும் அகலமான மரப்பலகையை, ஆம்ப்ளிஃபையர் மாதிரி நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் இருக்கிறது. சவுண்ட்போர்டுக்கு வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. சுத்தியல் கம்பிக்குக் கொடுத்த சக்தி எவ்வளவோ அவ்வளவுதான் கையிருப்பு. கம்பி மெல்லியது, தனியாக அதிர்ந்தால் காற்று பெரிதாக அசையாது. அந்த அதிர்வை, கம்பிகள் அழுந்தி நிற்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டை வாங்கி அகலமான பலகைக்குக் கொடுக்கிறது. வீணையில் குதிரை செய்கிற அதே வேலை. பலகை அதிர்ந்து அறையின் காற்றைத் தள்ளும்போதுதான் நமக்குச் சுரம் கேட்கிறது.

கையிருப்பை வேகமாகச் செலவழிக்கும் பலகை சத்தமாக ஒலிக்கும், ஆனால் சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். மெதுவாகச் செலவழிக்கும் பலகையில் சுரம் நீண்டு நிற்கும், ஆனால் தொடக்கத்திலேயே மெலிந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தைப் பிடிப்பதுதான் சவுண்ட்போர்டு செய்பவரின் கலை. கடையில் பல சுரங்களைச் சேர்த்து நாலு முறை பலமாக அடித்துப் பார்த்து, "நல்லா சத்தம் வருது" என்று முடிவு செய்கிறவர்கள் இந்தக் கணக்கில் பாதியை மட்டும்தான் கேட்கிறார்கள். நடு சி-க்கு (கட்டைகளின் நடுப்பகுதியில் உள்ள சி சுரம்) மேலே இரண்டாவது, மூன்றாவது ஆக்டேவில் (ஸ்தாயியில்) ஒரே ஒரு சுரத்தை மிதமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு அது எப்படித் தேய்கிறது என்று கவனியுங்கள். பலகையின் பலவீனம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். இடப்புறமுள்ள பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் பக்கத்தை நம்ப வேண்டாம். இடது ஓரத்துக் கடைசி ஏ சுரத்தின் அடிப்படை அதிர்வெண் 27.5 ஹெர்ட்ஸ், அதைப் பலகையால் சரியாக வெளியே தள்ளவே முடியாது. மேலே உள்ள கிளைச் சுரங்களைக் கேட்டு, மிச்சத்தை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது.

தடிமனான பலகைதான் உறுதியானது, எனவே நல்லது என்று சிலர் சொல்வார்கள். கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 டன் இழுக்கும் என்பதை வைத்து வரும் எண்ணம் இது. அந்த இழுவையைத் தாங்குவது இரும்புச் சட்டம். பிரிட்ஜ் வழியாகக் கீழ்நோக்கி வரும் அழுத்தம் மட்டுமே பலகைக்கு வருகிறது. ஸ்டெயின்வே பியானோ நிறுவனம் 1930-களில் கொண்டுவந்த வடிவத்தில் பலகை நடுவில் சுமார் 9 மில்லிமீட்டர்தான், ஓரங்களுக்குப் போகப் போக இன்னும் மெல்லிசு. ஓரம் இளகினால்தான் நடு தாராளமாக அசையும். பின்புறம் குறுக்கே ஒட்டிய ரிப்களுக்கும் (நீளமான மரக்குச்சிகள்) காரணம் உண்டு: பலகை செய்யும் ஸ்ப்ரூஸ் மரம் ரேகையோட்டத்தில் விறைப்பு, குறுக்கே தளர்வு. ரிப்கள் அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கின்றன, அதிர்வைப் பலகை முழுவதும் பரப்புகின்றன.

'சாலிட் ஸ்ப்ரூஸ்' (அடுக்கி ஒட்டாத முழு ஸ்ப்ரூஸ் மரம்) என்ற சொல்லுக்கு மயங்குவது இன்னொரு தவறு. உயர்தரமான, படுக்கைவாட்டில் இருக்கும் கிராண்ட் பியானோக்களில் அதுதான் இருக்கிறது, மறுக்கவில்லை. இத்தாலியின் ஃபாட்ஸியோலி நிறுவனம், வால் டி ஃபியம்மே பள்ளத்தாக்கின் ஸ்ப்ரூஸை வைத்துத்தான் செய்கிறது. ஆனால் ஜெர்மனியின் ஸ்டெயின்க்ரேபர் நிறுவனம் கார்பன் ஃபைபர் பலகையோடும் பியானோ தருகிறது. ஈரக்காற்றுள்ள ஊரில், ஏசி இல்லாத வீட்டில், நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோ வாங்குகிறவருக்கு அடுக்கி ஒட்டிய ஸ்ப்ரூஸ் பலகை ஒன்றும் மோசமான தேர்வு இல்லை. அது அவ்வளவு எளிதில் வெடிக்காது.

அப்புறம், வெடிப்பு. பழைய பியானோவின் பலகையில் ஒரு கோடு தெரிந்ததும் பேரத்தை முறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வெடிப்பு தனியாகப் பெரிய குற்றம் இல்லை. ரிப் பலகையை விட்டுப் பிரிந்திருக்கிறதா, பிரிட்ஜில் பின்கள் நிற்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பலகை கம்பிகளை நோக்கி லேசாகக் குவிந்திருக்க வேண்டும். பின்னால் ரிப்பை ஒட்டி நீளவாக்கில் நூல் பிடித்தால் நடுவில் சிறு இடைவெளி தெரியும். தெரியவில்லை என்பதற்காக உடனே ஒதுக்கவும் கூடாது. குவிவு போன பிறகும் இனிமையாக ஒலிக்கும் பியானோக்கள் இருக்கின்றன. அதே சமயம், பழைய வயலின் போல வயதாக ஆகப் பியானோவும் மெருகேறும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், சென்னை போன்ற கடலோர ஊர்களில் பணத்தை அதிகம் கரைப்பது ஈரப்பதத்தில் செய்யும் தவறுதான். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துக் குறுக்கே விரிகிறது. பின்னால் ரிப்கள் பிடித்திருப்பதால் பக்கவாட்டில் போக வழியில்லை, பலகை மேலே எழும்புகிறது. பிரிட்ஜும் கூடவே எழும்பிக் கம்பிகளை இறுக்குகிறது. சுருதி ஏறுகிறது, அதுவும் நடு ஆக்டேவ்களில் அதிகமாக. பிறகு ஏசி போட்டதும் எல்லாம் தலைகீழ். ஈரத்தில் நசுங்கிய மர இழைகள் காயும்போது பழைய அகலத்துக்குத் திரும்புவதில்லை. வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஆகவே ராத்திரி மட்டும் ஏசி, பகலில் ஜன்னல் திறப்பு என்ற வழக்கம் தொடர்ந்த ஈரத்தைவிடக் கெடுதல். ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஏற்ற இறக்கத்தையாவது குறையுங்கள். அறையின் வழக்கம் சீரான பிறகே சுருதி சேர்க்கும் ட்யூனரைக் கூப்பிடுங்கள்.

அப்ரைட்டின் பலகை முதுகுப் பக்கம் இருப்பதால் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள், மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிருங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் 'ர்ர்ர்' என்று இரைந்தால் உடனே சவுண்ட்போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். மேலே வைத்த போட்டோ ஃபிரேம், ஜன்னல் கண்ணாடி, கிராண்டாக இருந்தால் உள்ளே விழுந்த நாணயம் அல்லது பென்சில், இவற்றை முதலில் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், ஒருவர் அந்தச் சுரத்தை வாசிக்க இன்னொருவர் பின்னால் ரிப்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்க்கலாம். எந்த ரிப்பை அழுத்தும்போது இரைச்சல் நிற்கிறதோ அதில்தான் பசை விட்டிருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.