பால் இறங்கவில்லை என்று டப்பாவைத் தேடும் முன்

"சிசேரியனா? பால் இறங்க நாளாகும், டப்பாப் பால் வாங்கி வாருங்கள்." மதுரையில் எந்தப் பிரசவ வார்டு வராந்தாவிலும் இந்த யோசனை இலவசம். பாதிதான் உண்மை. அறுவை சிகிச்சைக்கோ அதிக ரத்தப்போக்குக்கோ பிறகு பால் பெருகுவது ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். ஆனால் சீம்பால் முதல் நாளே இருக்கும். பிறந்த குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதில் சிறு கரண்டி அளவே போதும்.

முதல் தவறு, ஆளைத் தேடாமல் பொருளைத் தேடுவது. பால்சுறா புட்டும் பூண்டும் தாய்க்கு நல்ல சாப்பாடுதான். ஆனால் மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். வார்டில் இருக்கும்போதே செவிலியரை அழைத்து, "குழந்தை வாய் வைப்பதைப் பாருங்கள்" என்று கேளுங்கள். காம்பு மட்டும் வாயில் இருந்தால் வலிக்கும், பாலும் வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். கீழுதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். கன்னம் குழிந்தால் பிடிப்பு சரியில்லை. தையல் வலித்தால் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையின் கால் தாயின் முதுகுப்பக்கம் போகுமாறு அக்குளில் இடுக்கியோ கொடுக்கலாம்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், "வரட்டும், அப்புறம் கொடுக்கலாம்" என்று காத்திருப்பது பெரிய தவறு. முதல் சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரவு உட்பட நாளுக்கு 8 முறையாவது. அரசு இராசாசி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. இத்தகைய வங்கிகளில் தானப் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தித்தான் கொடுப்பார்கள். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் நேரடியாக வாங்குவது அதற்கு ஈடாகாது.

குழந்தைக்குச் சேனை (பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் இனிப்பு), தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம்.

மூன்றாம், நான்காம் நாளில் மார்பு கல்லாகிவிட்டால் சிலர் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். பாலை வற்ற வைப்பதற்கான வழக்கம் அது! மல்லிக்குப் பேர்போன ஊரில் பூ தலையிலேயே இருக்கட்டும். அடிக்கடி கொடுத்தும், கையால் பீய்ச்சியும்தான் பால்கட்டு இளகும். காய்ச்சலோடு மார்பு சிவந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று: கர்ப்பத்தைப் பதிவு செய்தது புகுந்த ஊரில், பிரசவத்துக்குப் பின் இருப்பதோ உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தாய்வீட்டில். சொல்லாவிட்டால் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு இவர் வந்திருப்பது எப்படித் தெரியும்? கர்ப்பப் பதிவின்போது தந்த பிக்மி எண்ணைக் கொடுத்துத் தகவல் சொல்லிவிட்டால், வீட்டுக்கே வந்து எடை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அவசரச் சந்தேகத்துக்கு 104 என்ற உதவி எண்.

பால் போதவில்லை என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு நாளுக்குப் பின் நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பியதா என்று பாருங்கள். குழந்தை சோர்ந்து, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினால் அன்றைக்கே மருத்துவமனை. அங்கே மருத்துவர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள்; கூடவே பீய்ச்சுவதை நிறுத்தாதீர்கள்.