அமெரிக்க ஃபேக்டரில யூனியன் கட்டுறது எப்படி, ஸ்ட்ரைக் போறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

அமெரிக்காவுல ஃபேக்டரி, வேர்ஹவுஸ்ல வேலை பாக்குறவங்க யூனியன் கட்டணும்னு முடிவு பண்ணதும் பல பேர் நேரா, யூனியன் வேணும்னு கையெழுத்து போடுற கார்டைத் தூக்கிட்டு கையெழுத்து வாங்கக் கிளம்பிடுவாங்க, அங்கயே பாதி ஆட்டம் போச்சு. கையெழுத்தெல்லாம் அப்புறம். மேனேஜ்மெண்ட் காதுக்கு விஷயம் போறதுக்குள்ள நீங்க எவ்ளோ வேலைய முடிச்சு வச்சிருக்கீங்கங்கறதுதான் கணக்கு.

முதல்ல சட்டம் உங்களுக்குப் பொருந்துதான்னு பாத்துக்கோங்க. 1935ல வந்த தேசிய தொழிலாளர் உறவுச் சட்டம்தான் அடிப்படை, அதோட ஏழாவது பிரிவு சேர்ந்து பேசுறது, சங்கம் வைக்கிறது, ஸ்ட்ரைக் பண்றது எல்லாத்துக்கும் பாதுகாப்பு குடுக்குது. ஆனா விவசாயக் கூலி, வீட்டு வேலை செய்றவங்க, சூப்பர்வைசர், இண்டிபெண்டெண்ட் காண்ட்ராக்டர், அரசு ஊழியர் இவங்க யாரும் இதுக்குள்ள வர மாட்டாங்க. ரயில்வேக்கு 1926ல இருந்தே தனிச் சட்டம், 1936ல இருந்து ஏர்லைன்ஸும் அதுக்குள்ளதான். குடியேற்ற பேப்பர் இல்லாம வேலை பாக்குறவங்களும் இந்தச் சட்டத்துக்குள்ளதான் வருவாங்க, ஆனா அவங்கள அநியாயமா தூக்கினா வெளிய இருந்த நாளுக்கான பின்சம்பளம் கிடைக்காதுன்னு 2002ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால அவங்கள முன்னாடி நிறுத்தி நீங்க பின்னாடி நிக்காதீங்க.

அடுத்தது லிஸ்ட். எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஷிஃப்ட், யார் யாரோட ஒரே கார்ல வர்றாங்க, யார் என்ன மொழி பேசுறாங்க, யார் மேனேஜரோட சொந்தக்காரங்க, எல்லாத்தையும் எழுதுங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல எழுதுங்க, கம்பெனி ஈமெயில், கம்பெனி வைஃபை பக்கமே போகாதீங்க. இதுல முக்கியமா தேட வேண்டியது ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் மத்தவங்க யார் பேச்ச கேக்குறாங்கன்னுதான். சத்தமா பேசுறவர்தான் தலைவர்னு நெனச்சுடாதீங்க, பெரும்பாலும் அவர் பேசினா மத்தவங்க காதப் பொத்திக்குவாங்க. மெஷின் மக்கர் பண்ணா, லீவு பிரச்சனை வந்தா எல்லாரும் யார்கிட்ட போய் நிக்கிறாங்களோ அவங்கதான் வேணும். அந்த ஆளுக்கு யூனியன் பிடிக்காதுன்னா கூட அவரத்தான் முதல்ல வழிக்குக் கொண்டு வரணும், அவர் இல்லாம அந்த ஷிஃப்ட் உங்க பக்கம் வராது.

பேசுறது ஒவ்வொருத்தர்கிட்டயா, நேர்ல. லெக்சர் அடிக்காதீங்க. "இங்க ஒரே ஒரு விஷயத்த மாத்தலாம்னா எத மாத்துவீங்க"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருங்க. லைன் ஸ்பீடுன்னு சொல்வாரு, இல்ல கட்டாய ஓவர்டைம்னு சொல்வாரு. "சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்களா, என்ன சொன்னாரு?" "என்ன சொல்லுவாரு, பிடிக்கலன்னா கெளம்புன்னாரு." அந்த இடத்துலதான் "தனியா கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க, நாப்பது பேரா போய் கேட்டா?"ன்னு எடுத்து விடணும். முடிக்கும்போது சின்னதா ஒரு வேலை குடுங்க, வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு நாலு பேர் உக்காந்து பேசுறோம் வாங்கன்னு. வந்தா நம்ம ஆள். தலைய மட்டும் ஆட்டிட்டு வரலன்னா லிஸ்ட்ல இன்னும் கேள்விக்குறிதான், சும்மா ஏமாத்திக்காதீங்க. இடைவேளைல, வேலை நேரம் இல்லாதப்போ கம்பெனிக்குள்ளயே இதப் பேச உங்களுக்கு உரிமை இருக்கு, 1945லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது.

இவ்ளோ ரகசியம் எதுக்குன்னு தோணுதா? 1936ல மிச்சிகன் மாநிலம் ஃப்ளிண்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரிகள் பூரா ஒற்றர்கள், 1934ல இருந்து ரெண்டரை வருஷத்துல இதுக்கு மட்டும் கம்பெனி கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் செலவழிச்சது பின்னாடி செனட் விசாரணைல வெளிய வந்துச்சு. அங்க போன யூஏடபிள்யூங்கற கார் தொழிலாளர் சங்கத்தோட விண்டம் மார்ட்டிமர் அங்க இருந்த பழைய சங்கக் கிளை ஆளுங்கள நம்பாம வீடு வீடா போய் பேசி ஆள் சேர்த்தாரு. டிசம்பர் 30ல தொழிலாளிங்க வேலைய நிறுத்திட்டு ஃபேக்டரிக்குள்ளயே உக்காந்துட்டாங்க, 44 நாள். நடுவுல பிப்ரவரி 1ல ஒரு வேலை பண்ணாங்க பாருங்க, ஷெவர்லே 9ம் நம்பர் பிளாண்ட்டப் பிடிக்கப் போறோம்னு ஒற்றன் காதுல விழுற மாதிரி பேசி விட்டாங்க, காவலாளிங்க எல்லாம் அங்க ஓடினாங்க, இவங்க இஞ்சின் செய்ற 4ம் நம்பரப் பிடிச்சிட்டாங்க. ஒற்றன வச்சே ஆட்டம் ஆடிட்டாங்க! ஆனா இத இன்னிக்கு காப்பி அடிக்காதீங்க, உள்ள உக்காந்து பண்ற ஸ்ட்ரைக்குக்குப் பாதுகாப்பு கிடையாதுன்னு 1939ல கோர்ட் சொல்லிடுச்சு.

இப்போ கார்டு. 30 சதவீதம் பேர் கையெழுத்து போட்டாலே இந்தச் சட்டத்த நடத்துற தேசிய தொழிலாளர் உறவு வாரியத்துல எலக்ஷன் கேட்டு மனு போடலாம். ஆனா 30ஓட போறவங்க தோக்குறதுக்குத்தான் போறாங்க, 65, 70 தாண்டாம அனுபவஸ்தங்க யாரும் மனு போட மாட்டாங்க, ஏன்னா மனு போட்ட நாள்லேர்ந்து ஆள் கழண்டுகிட்டேதான் இருப்பாங்க. ஓட்டு போட்டவங்கள்ல பாதிக்கு மேல வந்தா ஜெயிப்பு. தோத்தா அடுத்த 12 மாசத்துக்கு எலக்ஷன் கிடையாது. டென்னசி சட்டனூகால ஃபோக்ஸ்வேகன் பிளாண்ட்ல 2014ல 712க்கு 626, 2019ல 833க்கு 776னு ரெண்டு தடவ தோத்துட்டு 2024 ஏப்ரல்ல 2,628க்கு 985னு ஜெயிச்சாங்க, அதனால ஒரு தோல்வியோட கடைய சாத்திடாதீங்க.

மனு போட்டதும் கம்பெனி, யூனியன முறியடிக்கிறதுக்குன்னே இருக்கற கன்சல்டண்ட்ட இறக்கும். நாம எல்லாம் ஒரே குடும்பம்பாங்க, சந்தா புடுங்கிடுவாங்கம்பாங்க. இதெல்லாம் வரப்போகுதுன்னு ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அடுத்த வாரம் மேனேஜர் அதே டயலாக்க அச்சு அசலா பேசும்போது எல்லாரும் சிரிச்சிடுவாங்க, பாதி பயம் அங்கயே போயிடும். மிரட்டக் கூடாது, யாருக்கு ஓட்டுன்னு துருவக் கூடாது, யூனியன் வேண்டாம்னா சம்பளம் ஏத்துறேன்னு ஆசை காட்டக் கூடாது, வேவு பாக்கக் கூடாது, நாலுமே சட்டவிரோதம். நடந்தா தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட யார் இருந்தாங்கன்னு அன்னிக்கே எழுதுங்க, 6 மாசத்துக்குள்ள வாரியத்துல புகார் குடுக்கணும், காசு கிடையாது. ஆனா கேஸ் இழுக்கும், வேலைய விட்டுத் தூக்கினா கடைசில பெரும்பாலும் கிடைக்கிறது வேலையும் பின்சம்பளமும்தான், அந்த நேரத்துல நீங்க வேற எங்கயாவது சம்பாதிச்சிருந்தா அதையும் கழிச்சிடுவாங்க. அதான் பல கம்பெனி தைரியமா ஆளத் தூக்குது.

ஜெயிச்சாலும் சம்பளம், வேலை விதி பத்தி கம்பெனியும் யூனியனும் போடுற காண்ட்ராக்ட் தானா வராது. ஸ்டேட்டன் ஐலண்ட் அமேசான் வேர்ஹவுஸ்ல 2022 ஏப்ரல்ல 2,654க்கு 2,131னு ஜெயிச்சாங்க, ரெண்டு வருஷம் தாண்டியும் காண்ட்ராக்ட் வரல. அதனால எலக்ஷனுக்கு அப்புறம், ஆள் சேர்த்த உங்க கமிட்டியக் கலைக்காதீங்க.

கடைசியா ஸ்ட்ரைக். எதுக்காக போறீங்கங்கறத பேப்பர்ல தெளிவா வைங்க. சம்பளத்துக்காக போனா உங்கள டிஸ்மிஸ் பண்ண முடியாது, ஆனா உங்க எடத்துல நிரந்தரமா வேற ஆள் போடலாம், 1938 தீர்ப்பு, கேக்க கிறுக்குத்தனமா இருக்கும் ஆனா இன்னிக்கும் சட்டம் அதுதான். கம்பெனியோட சட்டவிரோத நடத்தைய எதிர்த்து போனா அப்படி போட முடியாது, அதனாலதான் மேல சொன்ன மாதிரி நடந்தத அன்னிக்கே எழுதி வைக்கிற டைரி முக்கியம். காண்ட்ராக்ட்ல ஸ்ட்ரைக் கூடாதுன்னு ஷரத்து இருக்கான்னு பாருங்க. ஹாஸ்பிடல்னா 10 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். மத்திய அரசு வேலைன்னா ஸ்ட்ரைக்கே கூடாது, 1981ல ஜனாதிபதி ரீகன் ஸ்ட்ரைக் போன 11,000க்கு மேல விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள ஒரேயடியா தூக்கினாரு.

அப்புறம் காசு. 2023ல ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ்னு மூணு கார் கம்பெனிக்கும் எதிரா யூஏடபிள்யூ போனப்போ சங்கத்தோட ஃபண்டுலேர்ந்து வாரம் 500 டாலர்தான் ஸ்ட்ரைக் சம்பளம், வாடகை கட்டினா தீந்துச்சு. அதனாலதான் செப்டம்பர் 15ல எல்லா பிளாண்ட்டையும் நிறுத்தாம கம்பெனிக்கு ஒண்ணா மூணு பிளாண்ட்ல ஆரம்பிச்சு, பேச்சு நகரலன்னா ஒவ்வொண்ணா கூட்டினாங்க, அடுத்தது எந்த பிளாண்ட்னு கம்பெனிக்கும் தெரியாது, ஃபண்டும் காலியாகல, ஆறு வாரத்துல 25 சதவீத உயர்வுக்கு ஒத்துக்க வச்சாங்க. உங்க வீட்டுல எத்தன வாரம் தாக்குப் பிடிக்கும்னு ஓட்டெடுப்புக்கு முன்னாடியே கணக்கு போட்டுடுங்க, மெடிக்கல் இன்சூரன்ஸ கம்பெனி நிறுத்தலாம்ங்கறதையும் அதுல சேத்துக்கோங்க.

ஸ்ட்ரைக் பண்றவங்க கம்பெனிக்கு வெளிய நிக்கிற பிக்கெட் லைன்ல வாசல் கேட்டை மறிக்காதீங்க, உள்ள போற கருங்காலி கார்ல கை வைக்காதீங்க, அத வீடியோ எடுக்கறதுக்குன்னே ஆள் நிக்கும், அப்படி ஒரு கிளிப் கிடைச்சா உங்க வேலைய உங்க கையாலயே குடுத்த மாதிரி. ஸ்ட்ரைக் முடிக்கும்போது எந்த நிபந்தனையும் இல்லாம வேலைக்குத் திரும்பறோம்னு எழுத்துல குடுங்க. உங்க எடத்துல வேற ஆள் இருந்தாலும் இது குடுத்தாத்தான் அடுத்து காலியாகுற எடத்துக்குக் கூப்பிடுற லிஸ்ட்ல உங்க பேர் நிக்கும், அதோட காப்பி ஒண்ணு வீட்டுல வச்சுக்கோங்க.