ஜப்பான் செடானா, ஜெர்மன் செடானா: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொயோட்டா சேசர் டூரர் வி: 280 பிஎஸ் (குதிரைத்திறன்), உச்ச வேகம் மணிக்கு 180 கிமீ. 1998-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5: 400 பிஎஸ், 250 கிமீ. இந்த நான்கு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

இந்த நான்கில் எம்5-இன் 400 மட்டும்தான் இன்ஜினின் உண்மையான அளவு. மற்ற மூன்றும் பேசிவைத்த எல்லைகள். 1989 முதல் 2004 வரை ஜப்பான் நிறுவனங்கள் உள்நாட்டில் விற்ற கார்களுக்கு 280 பிஎஸ்-க்கு மேல் காட்டுவதில்லை என்று தங்களுக்குள் ஒத்துக்கொண்டிருந்தன. வேகத்தையும் 180-இல் பூட்டினார்கள். ஜெர்மன்காரர்கள் பூட்டியது 250-இல். அதனால்தான் 2.5 லிட்டர் சேசருக்கும் 2 லிட்டர் மிட்சுபிஷி லான்சர் எவோ 6-க்கும் காகிதத்தில் ஒரே 280. 2004-இல் பிரிட்டனில் விற்ற எவோ 8 எஃப்க்யூ-400, டர்போ முதலான பாகங்களை மாற்றியதும், அதே 2 லிட்டரில் 400-ஐத் தாண்டியது. அந்த இன்ஜினுக்குள் எவ்வளவு இடம் மிச்சமிருந்தது என்று பாருங்கள்!

அடுத்து, ஜோடிப் பொருத்தம். எவோ, உலக ராலி போட்டிக்காகப் பிறந்த கார்; எடை 1.4 டன்னுக்கும் குறைவு. எம்5 கிட்டத்தட்ட 1.8 டன், ஆட்டோபான் என்ற ஜெர்மன் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுவதற்கானது. இரண்டையும் மோதவிட்டு யார் ஜெயித்தார் என்று கேட்பதில் அர்த்தமில்லை. நியாயமான ஜோடி வேண்டுமென்றால் 2008 வாக்கில் வந்த லெக்சஸ் ஐஎஸ் எஃப்-ஐயும் வி8 எம்3 செடானையும் எடுங்கள். பவர் ஏறக்குறைய சமம்: 423, 420. ஆனால் 5 லிட்டர் லெக்சஸின் டார்க் (முறுக்குவிசை) 505 நியூட்டன் மீட்டர், 4 லிட்டர் எம்3-க்கு 400. எம்3 தன் முழு பவரைக் காட்ட 8,300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரை போக வேண்டும். லெக்சஸில் ஆட்டோமேட்டிக் கியர் மட்டும்தான், எம்3-இல் மேனுவலும் உண்டு. ஓட்டுகிறவருக்கு இரண்டும் வேறு வேறு உலகம். எனக்கு எம்3 பக்கம்தான் மனசு சாயும்.

அப்புறம், 0-100 நேரம். அமெரிக்கப் பத்திரிகைகள் அளப்பது 0-60 மைல், அதாவது சுமார் 97 கிமீ. கார் முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தையே ஓடவிடுவார்கள். எடையிலும் இப்படித்தான்: ஐரோப்பியக் கணக்கில் ஓட்டுநருக்கும் லக்கேஜுக்கும் சேர்த்து 75 கிலோ வைத்திருப்பார்கள். எந்த முறையில் அளந்தது என்று பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

பழைய காரை இன்றைக்கு ஓட்டிப் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றிய சேசரையும் கம்பெனியில் வந்தபடியே இருக்கும் எம்5-ஐயும் ஓட்டினால், நீங்கள் ஒப்பிடுவது மெக்கானிக்குகளை. எவோ 6 என்றால் டைமிங் பெல்ட்டை மாற்றிய ரசீதைக் கேளுங்கள். வி8 எம்3 என்றால் கனெக்டிங் ராட் பேரிங்கைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். டயர் எந்த வருஷத்தது என்பதையும் பார்த்துவிடுங்கள்.