யாழ்ப்பாணத்தில் முதலாவது பகுதிநேர வேலையைத் தேடுவது எப்படி: நேரத்தாள் எழுதும் முறையுடன்

உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்து, பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருந்த மாதங்களில் நான் பகுதிநேர வேலை தேடினேன். அச்சுவேலியிலிருந்து பேருந்தில் வந்து, கஸ்தூரியார் வீதியிலும் மின்சார நிலைய வீதியிலும் திருநெல்வேலிச் சந்தியைச் சுற்றியும் 11 கடைகளில் ஏறி இறங்கினேன். பதினொன்றிலும் "சொல்லி அனுப்புறம் பிள்ளை" என்ற பதிலே கிடைத்தது; ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. பன்னிரண்டாவது கடையில் வேலை கிடைத்தது. என் படிப்போ தகுதியோ அதற்கிடையில் மாறிவிடவில்லை. நான் வரக்கூடிய நாட்களையும் நேரத்தையும் எழுதிக் கொண்டுபோன ஒரு தாள், அதாவது நேரத்தாள்தான் புதிதாக இருந்தது. இப்போது என் தங்கையின் தோழிகள் அதே வீதிகளில் அதே பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்புவதால், அந்தத் தாளை எழுதும் முறையையும் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலாம் படி: ஆவணங்கள்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவற்றின் பிரதிகளையும், விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) பெற்றுப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்த நற்சான்றிதழையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது; ஆகவே அந்த வயதை எட்டாதவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் படி: சுயவிபரக்கோவை

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வண்ணக் கரைகளும் நட்சத்திரக் குறிகளும் கொண்ட கான்வா மாதிரிகளை நான் விரும்புவதில்லை. கறுப்பு வெள்ளையில் அச்செடுக்கும்போது அவற்றின் பாதி எழுத்துகள் மங்கிப்போகின்றன. கைத்தொலைபேசியிலேயே கூகுள் டொக்ஸில் எழுதி, பீடிஎப் கோப்பாகச் சேமித்துக்கொள்வதே போதுமானது.

எழுத்துரு விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். எங்கள் ஊர்க் கொமினிக்கேசன் கடைகளில் தட்டச்சுச் செய்து தருபவர்கள் பலர் இன்றும் பாமினி எழுத்துருவையே பயன்படுத்துகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ அந்தக் கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலே தெரியும். நான் ஒரு கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய முதலாவது சுயவிபரக்கோவை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது என்பதை இரண்டு வாரங்களுக்குப் பின்னரே அறிந்தேன். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டில் எழுதுங்கள்; வேறொருவர் தட்டச்சுச் செய்து தந்தால் பீடிஎப் ஆக மாற்றித் தரும்படி கேளுங்கள்; அனுப்புவதற்கு முன்னர் இன்னொருவருடைய தொலைபேசியில் திறந்து பாருங்கள்.

உங்களை அறிந்தவர்களாக உறவினரல்லாத இருவரைக் குறிப்பிடுவது வழக்கம். படிப்பித்த ஆசிரியர் ஒருவரும், ஊரில் உங்கள் நடத்தையை அறிந்த ஒருவரும் போதும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: நேரத்தாள்

நான் இடறிய இடம் இதுதான். முதல் 11 கடைகளிலும் "உமக்கு எப்ப நேரம் இருக்கு?" என்று கேட்டபோது, "எந்த நேரமும் வரலாம் ஐயா" என்று பதில் சொன்னேன். பணிவான பதில், நல்ல பதில் என்று நம்பிச் சொன்னேன். ஆனால் அச்சுவேலிப் பிள்ளை இருட்டிய பின்னர் நிற்க முடியாது என்பதும், ரியூசன் வகுப்புள்ள நாட்களில் வர முடியாது என்பதும், பல்கலைக்கழகம் தொடங்கினால் நின்றுவிடுவாள் என்பதும் முதலாளிக்கு நான் சொல்லாமலே தெரியும். எந்த நேரமும் வருவேன் என்பவள் எந்த நேரத்தில் வராமல் விடுவாள் என்ற கவலைதான் அவருக்கு என் பதிலில் கேட்டிருக்கும். பன்னிரண்டாவது கடை, திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் இருந்த ஒரு போட்டோக்கொப்பிக் கடை. அதன் முதலாளி மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "நீர் வாற நேரத்தை முதல் சொல்லும் பிள்ளை. வேலை இருக்கோ இல்லையோ எண்டு பிறகு நான் சொல்லுறன்."

வீட்டுக்குத் திரும்பி யோசித்தபோது, என் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது, கடைக்கு எந்த நேரத்தில் ஆள் தேவை என்பதையும் அறிய வேண்டும் என்று தோன்றியது. ஆகவே அடுத்த இரண்டு நாட்களும் அந்தக் கடைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே நிற்பவர்களை எண்ணிக் கொப்பியில் குறித்தேன். காலையில் ஆட்கள் குறைவு. 2 மணிக்குப் பின்னர் ஒப்படைகளை அச்செடுக்க வரும் மாணவர்களால் கடை நிறைந்துவிடும். ஒரே அண்ணாதான் இயந்திரத்தையும் பார்த்து, காசையும் வாங்கி, நடுவே கொப்பிகளுக்குச் சுருள்கம்பியும் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஏழு பேர் காத்திருந்து அலுத்து, ஒன்றும் செய்யாமல் வெளியேறினார்கள்.

அதற்குப் பின்னர் அரைத்தாளில் கையால் இவ்வாறு எழுதினேன்: "திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி தொடக்கம் 6 மணி வரையும், சனிக்கிழமை காலை 8.30 தொடக்கம் 1 மணி வரையும் தவறாமல் வருவேன். ஞாயிறு வர இயலாது. பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால், நிற்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் அறிவிப்பேன். பரீட்சைக் காலத்தில் கடைக்குத் தேவையென்றால், முதல் நாள் சொன்னால் காலையிலும் வருவேன். தமிழ் யூனிகோட் தட்டச்சுத் தெரியும்." கீழே என் தொலைபேசி இலக்கத்தையும், நான் எடுக்காவிட்டால் அழைப்பதற்கு அம்மாவின் இலக்கத்தையும் எழுதினேன். கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு 24.5 மணித்தியாலங்கள், முன்னர் வாயால் கொடுத்த "எந்த நேரமும்" என்பதிலும் அது எவ்வளவோ குறைவு.

கடை முதலாளி ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு அதை இரண்டு தடவை வாசித்தார். "இரண்டு மணிக்கு ஆக்கள் கூட எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்ததைச் சொன்னேன். அவர் மேசைக் கண்ணாடியைச் சற்றே தூக்கி, அரிசிக்கடைக் கலண்டருக்கும் மின்சாரப் பட்டியலுக்கும் நடுவில் அந்தத் தாளைச் செருகினார். "நாளையில இருந்து வாரும்" என்றார். நான் வேலையை விட்ட நாளிலும் அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

உங்கள் தாளில் அவசியம் இருக்க வேண்டியவை: வரும் நாட்களும் நேரமும், வர முடியாத நாட்கள், எந்த மாதம் வரை நிற்பீர்கள் என்பது, வீடு திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பது. பேருந்து நேரத்தை எழுதக் கூச்சப்பட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டால், 6 மணியானதும் தயங்கித் தயங்கி விடைகேட்கும் நிலை உங்களுக்கு வராது.

நான்காம் படி: எங்கே தேடுவது

"பகுதிநேர வேலையாள் தேவை" என்ற விளம்பரத்தை எதிர்பார்த்திருந்தால் மாதங்கள் போய்விடும். உதயன், வலம்புரி பத்திரிகைகளில் வரும் முழுநேர விளம்பரங்களை வாசியுங்கள். ஒரே கடையின் விளம்பரம் மூன்றாவது வாரமும் வந்தால், அவர்களுக்கு முழுநேர ஆள் கிடைக்கவில்லை என்று பொருள்; நேரத்தாளுடன் போக வேண்டிய இடம் அதுவே. முகநூல் குழுக்களில் நான் செலவழித்த நேரத்துக்குப் பலன் கிடைக்கவில்லை.

பண்டிகைக் காலம் முதலாவது வேலைக்கு நல்ல வாசல். நல்லூர்க் கந்தனுக்கு ஆடி அமாவாசையை அடுத்து ஆறாம் நாளில் கொடியேறி, 25 நாட்கள் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் கோயிலைச் சூழவுள்ள ஐஸ்கிரீம் கடைகளும் தற்காலிகக் கடைகளும் மேலதிக ஆட்களைத் தேடும். கொடியேறிய பின்னர் போனால் இடம் நிரம்பியிருக்கும். அமாவாசைக்கு முந்திய வாரமே போய்க் கேளுங்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முன்னர் புடவைக் கடைகளிலும், புதிய தவணை தொடங்கும் வாரங்களில் புத்தகக் கடைகளிலும் இதே நிலைதான்.

ஐந்தாம் படி: கடைக்குப் போதல்

தனியாகப் போங்கள். வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில் போகாதீர்கள். காசாளரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு வராமல், முதலாளி எப்போது நிற்பார் என்று கேட்டு அந்த நேரத்துக்கே திரும்பிப் போங்கள்.

ஆறாம் படி: சம்பளம்

முதல் நாளுக்கு முன்னரே பேச வேண்டும். "பிறகு பாப்பம்" என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் மாத முடிவில் அழுததை நான் கண்டிருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தேசிய குறைந்தபட்ச வேதனம், 2026 ஜனவரி தொடக்கம் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளொன்றுக்கு 1,200 ரூபாய். எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150 ரூபாய் வரும். பகுதிநேரத்துக்குப் பேரம் பேசும்போது அந்த 150 ரூபாயையே அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நான்கு மணித்தியாலத்துக்கு 600 ரூபாயிலும் குறைத்துச் சொன்னால், இந்தக் கணக்கைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஓய்வுகாலத்துக்கான சேமிப்பாகிய ஊழியர் சேமலாப நிதி நிரந்தர ஊழியருக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். தற்காலிகமாகவோ பகுதிநேரமாகவோ வேலை செய்பவருக்கும் அது உரியது. உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், முதலாளி தன் பங்காக 12 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதமும் முதலாளியுடையதே. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், உங்களிடம் கழிப்பது 1,200 ரூபாய். முதலாளி தருவது 1,800 ரூபாயும் 450 ரூபாயும். சிறிய கடைகளில் இதைக் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேளுங்கள். நேரம், சம்பளம், சம்பள நாள் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பின்னர் சேர்த்தவை

இந்தப் பதிவை வாசித்த ஒரு தங்கை, கடையொன்றில் உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதாக எழுதியிருந்தார். எனக்கும் ஒரு புடவைக் கடையில் அதே கேள்வி வந்தது. நான் மறுத்ததும் பேச்சு முடிந்துவிட்டது. மூலப்பிரதியைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டவர்கள் பெற்றோருடன் போய்த் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடுங்கள்.

இன்னும் இருவர், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பிப் "பதிவுக் கட்டணம்" செலுத்தியிருக்கிறார்கள். வேலை தருபவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. ஆள் சேர்த்தால் தரகு என்று சொல்லும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அவற்றை நடத்துவது மட்டுமன்றி, தோழியைச் சேர்த்துவிடுவதும் குற்றமே.

நேரத்தாள் கொடுத்தும் பதில் வரவில்லை என்று எழுதிய தம்பிக்கு: பத்து நாள் விட்டு, அதே கடைக்கு அதே நேரத்தில் மறுபடி போங்கள். முதல் தாளில் எழுதிய நேரத்தை மாற்றாதீர்கள். அதே நேரம் இப்போதும் உங்களுக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.