ஹோப்வெல் பாரிஷுக்கு வருகிறீர்களா? முதலில் மண்ணைப் படியுங்கள்

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், மாங்க்டன் நகரில் வேலை, ஆனால் கொஞ்சம் நிலத்தோடு வீடு வேண்டும் என்று நினைப்பவர்கள் 114-ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கி வருவார்கள். பெட்டிகோடியாக் ஆற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, ஹில்ஸ்பரோவைத் தாண்டி, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டினால் ஹோப்வெல் வந்துவிடும். ஆறு இங்கேதான் அகன்று ஷெப்பொடி விரிகுடாவாகிறது. அதற்கு அப்பால் ஃபண்டி வளைகுடா. இந்தப் பக்கம் குடிவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாரிஷ் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் முதல் குழப்பம் அதில்தான். நம் ஊரில் பாரிஷ் என்றால் கோயில் சம்பந்தப்பட்டது. கத்தோலிக்கர்களுக்குப் பங்கு, சி.எஸ்.ஐ. சபையாருக்குச் சேகரம். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் அப்படி இல்லை. 1784-இல் இந்த மாகாணம் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிந்தது. 1786-இல் கவுண்ட்டிகளை, அதாவது மாவட்டங்களை, சிறு சிறு பாரிஷ்களாக வகுத்தார்கள். பெயர் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்தது, வேலை என்னவோ ஊர் நிர்வாகம். பிறகு 1967-இல் மாகாண முதல்வர் லூயி ரோபிஷோவின் அரசு கவுண்ட்டி மன்றங்களையே கலைத்து, பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாவற்றையும் மாகாணத்தின் கையில் எடுத்துக்கொண்டது. ஏழைக் கவுண்ட்டியில் பிறந்த பிள்ளைக்கும் பணக்காரக் கவுண்ட்டிப் பிள்ளைக்கும் ஒரே தரத்தில் பள்ளி கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, இன்று ஹோப்வெல் பாரிஷுக்கு ஓர் அலுவலகமோ தலைவரோ கிடையாது. ஆனால் பெயர் போகவில்லை. நிலப் பத்திரத்தில் இருக்கும், மக்கள்தொகைக் கணக்கில் இருக்கும், பழைய வரைபடங்களில் இருக்கும். உள்ளாட்சி என்று பார்த்தால் இந்தப் பகுதி 2023 ஜனவரி 1 முதல் ஃபண்டி ஆல்பர்ட் என்ற புதிய அமைப்பில் சேர்ந்திருக்கிறது. தபால் முகவரியில் ஹோப்வெல் கேப், ஹோப்வெல் ஹில் என்று ஊர்ப் பெயர்தான் வரும். ஒரே வீட்டுக்கு மூன்று பெயர். எந்தப் படிவத்தில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். நான் வீடு வாங்கியபோது காப்பீட்டுப் படிவத்தில் பாரிஷ் பெயரை ஊர்ப் பெயர் இடத்தில் எழுதிவிட்டேன். அதைத் திருத்தி வாங்க இரண்டு வாரம் அலைந்தேன்.

சரி, நிலத்துக்கு வருவோம். ஃபண்டியின் ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது, உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. வளைகுடா புனல் போல உள்ளே போகப் போகக் குறுகுகிறது. அதோடு, அதில் நீர் முன்னும் பின்னும் அலையும் இயல்பான கால அளவு, கடலின் ஓத இடைவெளியோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் எவ்வளவு உயரம் போகும், அப்படித்தான் இதுவும். ஹோப்வெல் பாறைகளில் நீர் 14 மீட்டர் வரை ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். காலையில் மரம் முளைத்த பாறைத் தூண்களுக்கு நடுவே கடல் தரையில் நடப்பீர்கள். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் படகு போகும். அந்தத் தூண்கள் கூழாங்கல்லும் மணலும் இறுகிய பாறை, கடல் அவற்றை அரித்துக்கொண்டே இருக்கிறது. யானைப் பாறை என்று அழைத்த ஒன்று 2016 மார்ச்சில் பாதி இடிந்து விழுந்தது. பாறைகளின் அடியில் நிற்காதீர்கள். ஓத அட்டவணையைப் பார்க்காமல் கரைக்கு இறங்காதீர்கள், அது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆற்றோரச் சேற்றில் குழந்தைகளை விளையாட விடவே வேண்டாம். பார்க்க உறுதியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்காலுக்கு மேல் இழுக்கும்.

இந்தச் சேற்றைத்தான் அகேடியர்கள் என்ற பிரெஞ்சுக் குடியேறிகள் வயலாக்கினார்கள். அதற்கு முன்பிருந்தே இது மிக்மாக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்கள் பிரிட்டிஷாரோடு செய்தவை சமாதான, நட்பு உடன்படிக்கைகள். நிலத்தை அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. விரிகுடாவின் அக்கரையில் டார்செஸ்டர் பக்கம் ஃபோர்ட் ஃபாலி என்ற மிக்மாக் சமூகம் இன்றும் இருக்கிறது. 1698-இல் ஃபண்டி வளைகுடாவின் அக்கரையிலுள்ள போர்ட் ராயல் பக்கத்திலிருந்து பியேர் திபோடோ என்ற மாவு மில்லுக்காரர் வந்து, ஷெப்பொடியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தொடங்கினார். புல்மண்ணை வெட்டி அடுக்கிக் கரை எழுப்பினார்கள். கரைக்கு அடியில் மரத்தால் ஒரு மதகு வைத்தார்கள். அதன் பெயர் அபுவாத்தோ. உள்ளே ஒற்றைப் பக்கம் மட்டும் திறக்கும் மரக்கதவு ஒன்று தொங்கும். கடல் வற்றும்போது உள்ளிருக்கும் மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அதன் அழுத்தமே கதவை அடைத்துவிடும். ஆள் காவல் தேவையில்லை. இரண்டு மூன்று வருட மழையில் உப்பு கழுவப்பட்டு, உரமே போடாமல் விளையும் மண் கிடைக்கும். மதகு என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதைப் பார்த்தால் உடனே புரியும், மனசுக்குப் பிடித்தும் போகும்.

1755-இல் பிரிட்டிஷ் படை வந்து ஷெப்பொடி ஊர்களைக் கொளுத்தியது. அகேடியர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், சிலர் காட்டுக்குள் தப்பினார்கள். அவர்கள் கட்டிய கரைகளின் மேல் 1765-இல் ஹோப்வெல் என்று புதிய பெயர் எழுதப்பட்டது. பிறகு 1838-இல் இதிலிருந்து ஹார்வி பாரிஷைப் பிரித்தார்கள். 1845-இல் ஆல்பர்ட் கவுண்ட்டி உருவானபோது ஹோப்வெல் கேப் அதன் தலைநகரானது. மரக்கப்பல் கட்டிய காலம் அது. ஹோப்வெல் ஹில்லில் 1870-இல் பிறந்த ஆர். பி. பென்னட் குடும்பமும் கப்பல் கட்டிய குடும்பம்தான். நீராவியும் இரும்பும் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. பென்னட் மேற்கே போய், 1930 முதல் 1935 வரை கனடாவின் பிரதமராக இருந்தார். ஹோப்வெல் கேப்பிலுள்ள ஆல்பர்ட் கவுண்ட்டி அருங்காட்சியகத்தில் பழைய சிறையும் நீதிமன்றமும் அப்படியே இருக்கின்றன. வந்த முதல் கோடையிலேயே போய்ப் பாருங்கள்.

வீடு வாங்கும்போது இந்தக் கதை கைகொடுக்கும். பழைய வீடுகளெல்லாம் மேட்டில்தான் இருக்கும். ஹோப்வெல் ஹில் என்ற பெயரே அதைச் சொல்கிறது. தட்டையான பச்சை நிலம் மலிவாக வந்தால், அது கரைக்குப் பின்னால் இருக்கும் பழைய சதுப்பா என்று முதலில் கேளுங்கள். கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் கரையை நம்பி வீடு கட்டுவது சரியில்லை. அப்புறம், பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான், கழிவுநீருக்குச் சொந்தத் தொட்டிதான். இரண்டையும் சோதித்த அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேருந்தை நம்பி இங்கே வாழ முடியாது, பனிக்கால டயரோடு கார் வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு மாங்க்டன்தான். அவசர வண்டி வழி கண்டுபிடிக்க, வாசல் எண் பலகை பனிக்குள் புதையாமல் சாலையோரம் தெரிய வேண்டும்.

ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஷெப்பொடி விரிகுடாவின் சேற்றில் லட்சக்கணக்கான சிறு உள்ளான் பறவைகள் இறங்கும். சேற்று இறால்களைத் தின்று உடல் எடையை இரண்டு மடங்காக்கிக்கொண்டு, நிற்காமல் தென் அமெரிக்காவரை பறக்கும். ஓதம் உச்சத்தை நெருங்கும்போது போனால், நீர் தள்ள அவை கரையோரம் நெருங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தூரத்தில் நின்று பாருங்கள், பிள்ளைகளையும் நாயையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பயந்து எழும்பும்போதும், கடல் கடக்கச் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைந்துபோகிறது.