துளைகள் பொருந்தாதபோது: அலுமினியக் கிட் விமானம் கட்டுவோருக்கு

பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் ஆர்வி-7 போன்ற அலுமினியக் கிட் விமானங்களின் பாகங்களில் பெரும்பாலானவை துளையிடப்பட்ட நிலையிலேயே பெட்டியில் வந்து சேர்கின்றன. ஒரு பாகத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் துளைகள் தாமாகவே நேராக நிற்க வேண்டும். அப்படி நிற்காதபோது உடனே டிரில்லை எடுத்துத் துளையை அகலமாக்கி விடத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொருந்தாத துளை ஓர் அறிகுறி மட்டுமே. கோளாறு அனேகமாக வேறிடத்தில், வளைந்த ஒரு ரிப்பிலோ (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) தலைகீழாக வைத்த ஒரு பாகத்திலோ இருக்கும். துளையைப் பெரிதாக்கினால் அந்தக் கோளாறு அப்படியே இருக்க, தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டின் பிடிப்பு மட்டும் போய்விடும்.

முதலில் பாகத்தின் எண்ணையும் இடது, வலது, மேல், கீழ் ஆகியவற்றையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு துளைகளில் தற்காலிகமாக மாட்டும் பிடிப்பான்களான கிளீகோக்களை எல்லாம் கழற்றிவிட்டு, நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கி, சில துளைகளுக்கு ஒன்றாக மீண்டும் மாட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கி வரிசையாக மாட்டினால் சிறுசிறு விலகல்கள் சேர்ந்துகொண்டே போய், மறுமுனையில் அரைத் துளை அளவுக்கு விலகி நிற்கும். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால் ரிப்பைப் பாருங்கள். அச்சில் வைத்து அழுத்தி மடக்கும்போது அதன் விளிம்பு மடிப்பில் உலோகம் மிஞ்சிவிடுவதால், ரிப் முழுவதும் வாழைப்பழம் போல் லேசாக வளைந்துதான் வரும். இது குறைபாடன்று, செய்முறையின் இயல்பு. அதைச் சமதளமான மேசையில் படுக்க வைத்து, மடிப்பிலுள்ள துளைவரிசையின் மேல் ஒரு எஃகு அளவுகோலை வையுங்கள். நடுத் துளைகள் கோட்டை விட்டு விலகியிருப்பது கண்ணுக்கே தெரியும். ஃபுளூட்டிங் பிளையரால் இரண்டு துளைகளுக்கு நடுவே மெதுவாக ஒரு நெளிவு கொடுத்தால், அந்த இடத்தில் மடிப்பின் நீளம் குறைந்து ரிப் நேராகத் தொடங்கும். நெளிவு துளையின்மேல் விழக் கூடாது. அங்கே தகடு படியாது. ஒரே இடத்தில் ஆழமாக அழுத்துவதைவிட, எல்லா இடைவெளிகளிலும் சிறிது சிறிதாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் மேசையில் வைத்துப் பார்ப்பதே நல்லது. மிகையாகிவிட்டால் ரிப் மறுபக்கம் வளைந்துவிடும். மடிப்பு 90 பாகையில் நிற்கிறதா என்பதையும் அப்போதே மூலைமட்டத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரைநாள் எடுத்தாலும் எல்லா ரிப்களையும் இப்படி நேராக்கிவிட்டுத்தான் மேல்தகட்டைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிம்பிள் செய்த (ரிவெட் தலை மட்டமாக அமரத் துளையைச் சுற்றிக் குழிவாக அழுத்திய) மேல்தகடு, இறக்கையின் நீளவாக்குச் சட்டமான ஸ்பாரில் படியாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிற்பதும் அடிக்கடி வரும் சிக்கல்தான். தடித்த ஸ்பாரில் குழிவாகச் சீவிய துளை ரிவெட் தலைக்குச் சரியாக இருந்தாலும், டிம்பிளின் அடிப்பகுதிக்குப் போதாது. சீவும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மைக்ரோஸ்டாப் கருவியில் ஒரு சொடுக்கு 0.001 அங்குலம், ஏறத்தாழ ஏழு சொடுக்கு ஆழம் கூட்டினால் டிம்பிள் உள்ளே இறங்கி அமரும். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் செய்து பாருங்கள்.

தவறாக அடித்த ரிவெட்டை எடுக்கும்போது 3/32 அங்குலத் துளை அகன்றுபோனால் பதற வேண்டியதில்லை. 1/8 அங்குலத் தண்டும் சிறிய தலையும் கொண்ட என்ஏஎஸ்1097 வகை ரிவெட் அந்த டிம்பிளிலேயே அமரும். ஆனால் துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை, ரிவெட் விட்டத்தைப் போல் இரு மடங்கு தூரம் மிஞ்ச வேண்டும். அது குறைந்தால் நீங்களாக முடிவெடுக்காமல், கிட் தயாரிப்பாளரிடம் படமும் அளவும் அனுப்பிக் கேளுங்கள். வேறு பாகம் வாங்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

விமானி அறையின் ஒளிபுகும் மூடியான கனோப்பியின் அக்ரிலிக் குளிரில் எளிதில் விரிசல் விடும். அறை நன்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது மட்டும் அதற்கென உள்ள டிரில்லால் துளையிடுங்கள். வெப்பத்தில் விரிந்து சுருங்க இடம் வேண்டும் என்பதால் துளை திருகைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகப் பொறுமை கேட்பது, இறக்கையின் பின்ஸ்பாரை உடற்பகுதியோடு இணைக்கும் துளை. ஆர்வி-7இல் இதைக் கட்டுபவரே இட வேண்டும், ஒருமுறைதான் இட முடியும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட்டு, அவை ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். இரு இறக்கை முனைகளிலிருந்தும் வால்பகுதியின் ஒரே புள்ளிக்கு உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். இறக்கையின் படிகோணத்தையும் (உடற்பகுதியோடு அது பொருந்தும் சாய்வு) இரு பக்கமும் மட்டப்பலகையால் ஒப்பிடுங்கள். இவை சரியாக இருந்தாலும், 5/16 அங்குலப் போல்ட்டுக்குத் துளையின் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் 5/8 அங்குல விளிம்பு மிஞ்சுமா என்று பின்ஸ்பாரில் கோடு போட்டுப் பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். மிஞ்சும் என்று உறுதியான பிறகு, கிளாம்ப் போட்டு இறுக்கி, சிறிய துளை ஒன்றை இட்டு, எல்லா அளவுகளையும் மறுபடி எடுத்து, அவை மாறவில்லை என்றால் மட்டும் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசி அளவை, துளையைத் துல்லியமாகச் சீவும் ரீமரால் முடியுங்கள்.