காட்டுக் காளானும் கன உலோகமும்: பழகிய கைகளும் செய்யும் தவறுகள்

சுவிட்சர்லாந்தில் காளான் பருவம் வந்துவிட்டால் பல ஊர்களில் காளான் பரிசோதனை நிலையங்கள் சுறுசுறுப்பாகிவிடும். காட்டில் பறித்ததைக் கூடையோடு கொண்டுபோய் மேசையில் கொட்டினால், பயிற்சி பெற்ற பரிசோதகர் ஒவ்வொன்றாக எடுத்துத் தொப்பியின் அடியைப் பார்ப்பார், தண்டின் அடியைப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். நஞ்சுள்ளதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அந்த மேசையில் தீர்மானமாவது காளானின் இனம் மட்டுமே. உள்ளே காட்மியம், பாதரசம் போன்ற நச்சுக் கன உலோகங்கள் எவ்வளவு என்பதைக் கண்ணாலும் மூக்காலும் அறிய முடியாது; ஆய்வுக்கூடக் கருவிக்குத்தான் அது தெரியும். பரிசோதகர் சரி என்றுவிட்டார், இனி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைப்பதிலிருந்தே தவறுகள் தொடங்குகின்றன.

‘பக்கத்தில் ஆலையே இல்லையே’

மண் சுத்தமாக இருந்தால் காளானும் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. ஐரோப்பியப் புல்வெளிகளில் முளைக்கும் ஹார்ஸ் மஷ்ரூம் என்ற வெள்ளைக் காளான் இதைப் பொய்யாக்கிவிடும். கடையில் விற்கும் மொட்டுக் காளானுக்கு இது பங்காளி. அதே அகாரிகஸ் பேரினம். கையில் எடுத்துத் தொப்பியைத் தேய்த்தால் மஞ்சள் படரும், முகர்ந்தால் சோம்பு வாசனை வரும். (இதேபோல மஞ்சளாகும் இன்னோர் அகாரிகஸ் வயிற்றைக் கலக்கிவிடும், அதில் கிருமிநாசினி போன்ற ஃபீனால் நாற்றம் அடிக்கும். மஞ்சளை மட்டும் நம்பிப் பறிக்கக் கூடாது.) இந்த ஹார்ஸ் மஷ்ரூமும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும் காட்மியத்தைத் தேடித் தேடிச் சேர்ப்பவை. ஆலைப் புகை எட்டாத மேய்ச்சல் நிலத்தில் பறித்தவற்றில்கூட, உலர் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் பதிவாகியிருக்கிறது. மண்ணில் உள்ளதைப் போலப் பல மடங்கு அது.

இந்த எண் என்ன சொல்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எனவே உலர் எடையில் 20 மில்லிகிராம் என்றால், பச்சைக் காளானில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம். 100 கிராம் வதக்கிச் சாப்பிட்டால் 200 மைக்ரோகிராம் காட்மியம் வயிற்றுக்குள் போகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 2.5 மைக்ரோகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 150. ஒரே வேளையில் அந்த வரம்பைத் தாண்டிவிட்டோம். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, கீரை ஆகியவற்றிலிருந்து தினமும் சேரும் காட்மியத்தை இன்னும் கூட்டவே இல்லை.

சாப்பிட்டது முழுவதும் உடலில் தங்கிவிடாதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், உணவில் வரும் காட்மியத்தில் சிறு பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்கிறது. ஆனால் அந்த வரம்பு, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வகுக்கப்பட்டது. இன்னொரு முறை தள்ளுபடி கேட்க முடியாது. தங்கிவிட்ட காட்மியத்தில் பாதி சிறுநீரகத்தை விட்டு வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள்வரை எடுக்கும். புகைபிடிப்பவர்களுக்குப் புகையிலையிலிருந்தும் அது சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இன்றைய காட்டை மட்டும் பார்ப்பது

சில இடங்களில் குற்றவாளி மண்தான். ஸ்லோவேனியாவின் இத்ரியாவில் பச்சைப் பசேலென்ற மலைச்சரிவுகளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அங்கே சுமார் ஐந்நூறு ஆண்டுகள் பாதரசச் சுரங்கம் நடந்தது. தாதுவை வறுத்த உலைகளின் புகை சுற்றுவட்டார மண்ணில் படிந்தது. சுரங்கம் மூடப்பட்டு, அந்த ஊர் 2012இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பாதரசம் மட்டும் மண்ணைவிட்டுப் போகவில்லை. அங்கு முளைத்த காளான்களில் அது மிக அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். செக் நாட்டின் பிரிப்ராம் பகுதியில் வெள்ளி, ஈயச் சுரங்கங்களும் ஈய உருக்காலையும் இருந்ததால், அங்கே ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் இதே கதை.

பழைய சுரங்கம், உருக்காலை, குப்பைமேடு, துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் ஆகியவற்றின் அருகே பறிக்கவே வேண்டாம். சாலையோரமும் அப்படியே. ஈயம் கலந்த பெட்ரோல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் 2000இல் நின்றுவிட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையில் வந்து படிந்த ஈயம் மேல்மண்ணிலேயே கிடக்கிறது. சாலையோரப் புல்லில் வெள்ளை வெளேரென்று கூட்டமாக எழும் ஷாகி இங்க் கேப் காளான், பறி பறி என்று ஆசை காட்டும். நடந்துவிடுங்கள்.

தென் ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் காடுகளில் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அடுத்த சில நாட்களில் தென் ஜெர்மனியில் பெய்த மழை சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை அங்கே இறக்கிவிட்டது. பாதியாகக் குறையவே முப்பது ஆண்டுகள் எடுக்கும் பொருள் அது. அதை விரும்பிச் சேர்க்கும் பே போலீட் போன்ற காளான்களில் இன்றும் அது அளவிடப்படுகிறது.

அடுப்படியில்

கழுவினால் போய்விடும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. போவது ஒட்டியிருந்த மண் மட்டும். மண்ணிலும் உலோகம் உண்டு என்பதால் கழுவ வேண்டியதுதான். ஆனால் பூஞ்சை இழைகள் உறிஞ்சி மேலே ஏற்றிய உலோகம் சதைக்குள் இருக்கிறது. நறுக்கி வேகவைத்து நீரைக் கொட்டினால் சீசியம் கணிசமாகவும் காட்மியம் ஓரளவும் குறையும். பாதரசம் அவ்வளவு எளிதில் இறங்காது. அந்த நீரில் சுவை இருக்கிறது என்று சூப் வைப்பவர்களிடம் என்ன சொல்வது! வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் ஆபத்து என்பதும் வீண் பேச்சு. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். ஆளைக் கொல்லும் டெத் கேப் காளானிலேயே அது பளபளவென்று இருக்கும்.

பொதுவாகத் தண்டைவிடத் தொப்பியில்தான் உலோகம் அதிகம். போர்சினி என்ற காட்டுக் காளான் வகைகளில் தொப்பியின் அடியில் பஞ்சுபோல இருக்கும் பகுதி முற்றிப் பச்சையாகியிருந்தால் சீவி எறிந்துவிடலாம். பாதரசத்தைச் சேர்ப்பதில் போர்சினியும் சளைத்ததல்ல. அதிலுள்ள செலினியம் என்ற தாதுச்சத்து பாதரசத்தை முறித்துவிடும் என்று சொல்லித் தட்டை நிரப்புவது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

உலர்ந்த காளானை எடை ஏமாற்றும். ஒரு பிடி, 25 கிராம்தானே என்று குழம்பில் போடுவோம். அது கால் கிலோ பச்சைக் காளான். போன நீரோடு உலோகம் போவதில்லை.

எவ்வளவு, எத்தனை முறை

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் காட்டுக் காளானில், பச்சை எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வரை காட்மியம் இருக்கலாம். வளர்ப்பு மொட்டுக் காளானுக்கு உச்சவரம்பு 0.05. பத்து மடங்கு வித்தியாசம். காட்டில் கிடைப்பது இயற்கையானது, பண்ணையில் வளர்வது மட்டம் என்று பேசுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுக் காட்டுக் காளானையே தொடாமல் இருக்கத் தேவையில்லை. ஆண்டுக்குச் சில முறை சாப்பிடுபவர் கவலைப்பட ஒன்றுமில்லை. பருவம் முழுக்க நாள்தோறும் சமைப்பவரும், மிச்சத்தை உலர்த்தி ஆண்டு முழுவதும் உண்பவரும்தான் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 200 முதல் 250 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று ஜெர்மனியில் அறிவுறுத்துகிறார்கள். உடல் எடைக்கு ஏற்பக் குழந்தைகளுக்கு அதில் சிறு பங்குதான். கருவுற்ற பெண்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அந்த அளவையும் குறைத்துக்கொள்வது நல்லது.

ஒரே மேட்டில் ஒரே இனத்தை ஆண்டுதோறும் பறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இடத்தையும் இனத்தையும் மாற்றிக்கொள்ளலாம். உலர்த்தியோ உறையவைத்தோ சேமிக்கும்போது பையின் மேல் இனம், இடம், ஆண்டு மூன்றையும் எழுதிவையுங்கள். அந்தக் காட்டைப் பற்றிப் பின்னால் ஓர் அளவீட்டு அறிக்கை வந்தால், எந்தப் பையைத் தூக்கி எறிவது என்று தெரியும்.